இஸ்ட்ரியாவில் 7 நாள்: எங்கே தங்குவது, எதை விட்டுவிடுவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். செப்டம்பர் இரண்டாம் வாரத்தில் வெனிஸில் அலுவலக வேலை முடிந்ததும் உங்களுக்கு 7 நாள்கள் கிடைக்கின்றன. உடன் வருகிறவர்கள் கணவர், 10 வயது மகள், முழங்கால் வலியுள்ள 68 வயதுத் தாயார். நால்வரில் இருவர் சைவம். குரோஷியாவின் வடமேற்கு மூலையிலுள்ள இஸ்ட்ரியா தீபகற்பத்தை 3 நாளில் பார்த்துவிட்டு மீதி நாள்களில் அந்நாட்டின் தென்கோடியிலுள்ள துப்ரோவ்னிக் நகருக்குப் போய்வர முடியுமா, கார் அவசியமா, எந்த ஊரில் அறை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

துப்ரோவ்னிக்கை இந்தப் பயணத்தில் விட்டுவிடுங்கள் என்பதே என் முதல் யோசனை. வரைபடத்தில் இரண்டும் ஒரே கடற்கரையில் இருப்பதாகத் தோன்றினாலும், இஸ்ட்ரியாவின் தென்முனையிலுள்ள புலாவிலிருந்து துப்ரோவ்னிக்குச் சாலை வழியாக ஏறத்தாழ 700 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள் கரைந்துவிடும். இஸ்ட்ரியாவோ இதற்கு நேர்மாறான இடம். குரோஷியப் பகுதியின் பரப்பு 2,800 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அப்படியிருக்க 7 நாள் எதற்கு என்று கேட்பீர்கள். கடற்கரையை மட்டும் பார்க்கிறவர்களுக்கு 3 நாள் போதும் என்பது உண்மைதான். ஆனால் அந்தத் தீபகற்பத்தின் சிறப்பில் பாதி கடலைவிட்டு உள்ளே தள்ளி, குன்றுகளின் மேல் இருக்கிறது. பெரும்பாலோர் தவறவிடுவதும் அந்தப் பாதியைத்தான். எனவே 3 இரவு உள்நாட்டில், 4 இரவு கடற்கரையில் என்று பிரித்துக்கொள்ளுங்கள், அதுவும் உள்நாட்டை முதலில் வைத்துக்கொண்டு. கடலைக் கண்டுவிட்ட குழந்தையை மறுநாள் மலையூருக்கு அழைத்துப் போவது எளிதன்று.

நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் மாதத்தில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி ஆகிய நாடுகளிலிருந்து குடும்பங்கள் காரிலேயே வந்து குவிவதால் அறை வாடகை உச்சத்தில் இருக்கும்; சனிக்கிழமைகளில் எல்லைச் சாலைகள் நகராது. செப்டம்பரில் பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் வடிகிறது. கோடை முழுவதும் சூடேறிய கடல்நீரோ அப்போதும் 23 பாகை அளவில் குளிக்க இதமாகவே இருக்கும். இடையில் ஓரிரு நாள் இடிமழை வரக்கூடும் என்பதற்கு மட்டும் இடம் விட்டுத் திட்டமிடுங்கள். மாலை 7 மணியைச் சற்றே தாண்டியதும் இருட்டிவிடும்.

விசாவைப் பற்றிப் பழைய பயணக்குறிப்புகளில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். 2023 ஜனவரி 1 அன்று குரோஷியா, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியிலும் யூரோ நாணயத்திலும் ஒருசேர இணைந்துவிட்டது. தனி விசாவும் வேண்டாம், பழைய குனா நாணயமும் புழக்கத்தில் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஒரே ஷெங்கன் விசாவில் இத்தாலி, ஸ்லோவேனியா, குரோஷியா மூன்றையும் கடக்கலாம். எந்த நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பது நீங்கள் அதிக நாள் தங்கும் நாட்டைப் பொறுத்தது. நாள்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. ஆகவே வெனிஸில் எத்தனை இரவு, இஸ்ட்ரியாவில் எத்தனை இரவு என்று எண்ணிப் பார்த்துவிட்டே விண்ணப்பம் நிரப்புங்கள். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு கட்டாயம். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம் என்பதால் கடைசி மாதம்வரை காத்திருக்க வேண்டாம்.

கார் வேண்டும், இந்தக் கேள்விக்கு மட்டும் தயக்கமில்லாமல் விடை சொல்வேன். கோடைக்காலத்தில் வெனிஸிலிருந்து போரெச், ரோவின், புலா துறைமுகங்களுக்கு விரைவுப் படகு உண்டு. ரோவினுக்கு ஏறத்தாழ 3 மணி நேரப் பயணம், அழகான பயணமும்கூட. கடற்கரை ஊர்களுக்கிடையே பேருந்துகளும் ஓடுகின்றன. ஆனால் உள்நாட்டுக் குன்றூர்களுக்குப் பேருந்து மிகக் குறைவு. ரயில் பாதையோ புலாவிலிருந்து பாசின் வழியாக வடக்கே போய் ஸ்லோவேனியாவுக்குள் நுழைகிறதேயன்றி, குரோஷியாவின் பிற ரயில் பாதைகளோடு நேரடியாகச் சேர்வதே இல்லை. எனவே வெனிஸிலிருந்து இத்தாலியின் எல்லையோர நகரான திரியெஸ்தேக்கு ரயிலில் 2 மணி நேரம் போய், அங்கே கார் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுப்பதுதான் உங்களுக்கு ஏற்ற வழி. ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் கூடுதல் கட்டணம் கடுமையாக இருக்கும். குரோஷியாவுக்குள் ஓட்டிச் செல்ல அனுமதி உண்டு என்பதை வாடகை ஒப்பந்தத்தில் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இடையில் வரும் ஸ்லோவேனியத் துண்டு சிறியதுதான். ஆனாலும் அங்கே நெடுஞ்சாலையில் ஏறினால் மின்னணுச் சாலைக் கட்டண வில்லை வாங்கியிருக்க வேண்டும். அதை வாங்காமல் ஓட்டிவிட்டு அபராதம் கட்டியவர்கள் பலர். ஊரிலிருந்து கிளம்புமுன் சர்வதேச ஓட்டுநர் உரிமமும் எடுத்துவிடுங்கள்.

எல்லையைக் கடந்ததும் பல ஊர்ப்பலகைகளில் குரோஷியத்திலும் இத்தாலியத்திலுமாக இரண்டு பெயர்கள் இருப்பதைக் காண்பீர்கள்: ரோவின் – ரோவிஞோ, போரெச் – பாரென்ஸோ, புலா – போலா. அது சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த அலங்காரமன்று. பல நூற்றாண்டுகள் வெனிஸ் குடியரசின் கையிலிருந்த இக்கடற்கரை, 1797-இல் அக்குடியரசு வீழ்ந்தபின் ஆஸ்திரியாவிடம் போனது. முதல் உலகப்போருக்குப் பின் இத்தாலியிடம், 1947-இல் யூகோஸ்லாவியாவிடம், 1991-இல் குரோஷியாவிடம் என்று கைமாறியது. 1910-இல் புலாவில் பிறந்து நெடுநாள் வாழ்ந்த ஒருவர் வீட்டைவிட்டு நகராமலே நான்கு நாடுகளின் குடிமகனாக இருந்திருப்பார். 1947-ஐ ஒட்டி இத்தாலிய மொழி பேசிய மக்களில் பெரும்பகுதியினர் ஊரைவிட்டே வெளியேறினார்கள். நீங்கள் பார்க்கப்போகும் குன்றூர்களில் பூட்டிய வீடுகள் ஏன் அத்தனை என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. ஆளற்றுப்போன அப்படியோர் ஊரான கிரோஷ்னியானைத்தான் 1965-இல் கலைஞர்களின் ஊர் என்று அறிவித்து, காலி வீடுகளை ஓவியர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் கொடுத்தார்கள். இன்று தெருவுக்குத் தெரு ஓவியக்கூடம் இருக்கிறது.

முதல் 3 இரவுக்கு மோடோவுனை ஒட்டிய கிராமங்களில், குன்றின் மேலல்லாமல் அடிவாரத்தில், பண்ணை வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மோடோவுன் ஊர் மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கின் நடுவே 277 மீட்டர் உயரத்தில் மதில் சூழ நிற்கிறது. கீழிருந்து மேலே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட பாதை ஒன்று உண்டு. அதை உங்கள் மகளுக்கும் கணவருக்கும் விட்டுவிட்டு, தாயாரை வாகன நிறுத்தத்திலிருந்து மேலே போகும் சிற்றுந்தில் அழைத்துச் செல்லுங்கள். மேலே மதிலின் மீதே சுற்றிவர நடைபாதை இருக்கிறது. காலை 8 மணிக்குள் போய்விட்டால் பள்ளத்தாக்கை மூடிய பனிமூட்டத்தின் மேல் ஊர் மட்டும் மிதப்பதைப் பார்க்கலாம். 11 மணிக்குப் போனால் சுற்றுலாப் பேருந்துக் கூட்டத்தைத்தான் பார்க்கலாம்.

மோடோவுனைவிட எனக்கு நெருக்கமான இடம் பாசினை அடுத்த பெராம். ஊருக்கு வெளியே மரங்களுக்கிடையே இருக்கும் சிறிய மாதா கோயிலின் உட்சுவர் முழுவதையும் 1474-இல் கஸ்தாவ் ஊரைச் சேர்ந்த வின்சென்ட் என்ற ஓவியர் வண்ணத்தால் நிறைத்திருக்கிறார். வாசலுக்கு மேலே உள்ள சுவரில் மரண ஊர்வலம்: போப்பாண்டவர், அரசன், அரசி, வணிகன், பிச்சைக்காரன், குழந்தை என ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு பிடித்துக்கொண்டு போகிறது. வணிகன் மட்டும் காசைக் காட்டிப் பேரம் பேசிப் பார்க்கிறான். கோயில் பூட்டியே இருக்கும். சாவி கிராமத்தில் ஒருவரிடம் இருக்கிறது, முன்னரே தொலைபேசியில் சொல்லி வைத்தால் திறந்துவிடுவார். தங்கும் வீட்டுக்காரரிடம் சொன்னாலே அவர் பேசி ஏற்பாடு செய்துவிடுவார். திரும்பும் வழியில் பாசினில் கோட்டைக்கு அடியில் ஆறு ஒன்று பாறைப் பிளவுக்குள் விழுந்து நிலத்தடியில் மறைவதைப் பாருங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் இந்த இடத்துக்கு வராமலே 1885-இல் வெளியான நாவல் ஒன்றில் தன் நாயகனை இந்தக் கோட்டையிலிருந்து அந்தப் பிளவு வழியாகத் தப்ப வைத்தார்.

மூன்றாம் நாள் ரோச் – ஹும் பாதைக்கு. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட 7 கிலோமீட்டர் சாலையோரத்தில், 1977 முதல் 1985 வரை, 11 கல் நினைவுச் சின்னங்களை நிறுவியிருக்கிறார்கள். அவை போற்றுவது ஓர் எழுத்து முறையை: 9-ஆம் நூற்றாண்டில் ஸ்லாவிய மொழிக்காக உருவாக்கப்பட்ட கிளகோலித்திய எழுத்து. மற்ற இடங்களில் அது வழக்கொழிந்த பின்னும் இந்தப் பக்கத்துப் பாதிரியார்கள் பல நூற்றாண்டுகள் அதிலேயே வழிபாட்டு நூல்களை எழுதிவந்தார்கள். எழுத்து வடிவங்களில் ஆர்வமுள்ள குழந்தையாக இருந்தால் கல்லில் செதுக்கிய அந்தச் சுழிகளையும் முக்கோணங்களையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே போகும். முடிவில் வரும் ஹும், உலகிலேயே சிறிய நகரம் என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறது. இரண்டே தெரு, ஒரு வாசல், சில பத்து மக்கள். அரை மணி நேரத்துக்கு மேல் அங்கே வேலையில்லை.

நான்காம் நாள் காலை கடற்கரைக்கு இறங்கும்போது போரெச்சில் 2 மணி நேரம் நில்லுங்கள். ஊர் தட்டையானது, தாயாருக்குச் சிரமமிராது. ரோமானியர் போட்ட நேர்த்தெருக்கள் இன்னும் அதே பெயரில் வழங்குகின்றன. பார்க்க வேண்டியது 6-ஆம் நூற்றாண்டில் ஆயர் யூப்ராசியஸ் கட்டிய பேராலயம். 1997 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். பீடத்துக்குப் பின்னால் உள்ள அரைவட்டச் சுவரில் பொன் பதித்த கண்ணாடிச் சில்லுகளால் ஆன சித்திரத்தில், தான் கட்டிய கோயிலின் சிறு உருவைக் கையில் ஏந்தியபடி அந்த ஆயரே நிற்கிறார். காலை வெயில் உள்ளே விழும் நேரத்தில் அந்தப் பொன்நிறம் வேறு.

கடற்கரையில் 4 இரவுக்கும் ரோவினில் தங்குங்கள். ஆனால் பழைய நகருக்குள் வேண்டாம். படங்களில் எல்லோரும் காட்டுவது அந்தப் பழைய நகரைத்தான். அது முன்பு தீவாக இருந்து, 1763-இல் இடைக் கால்வாயைத் தூர்த்த பிறகு கரையோடு சேர்ந்தது. இடம் போதாத தீவில் வீட்டின் மேல் வீடு கட்டியதால்தான் தெருக்கள் அத்தனை குறுகலாக, உச்சியிலுள்ள புனித யூபேமியா கோயிலை நோக்கிச் செங்குத்தாக ஏறுகின்றன. பல தலைமுறைக் கால்கள் தேய்த்த சுண்ணாம்புக்கல் தரை, மழை பெய்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். கார் உள்ளே வராது. பெட்டியை நீங்களே தூக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய சமதளப் பகுதியில் வாகன நிறுத்தத்தோடு கூடிய வீடு எடுத்தால், தாயார் கடலோர நடைபாதையிலேயே அமர்ந்து அந்த நகரை எதிரில் பார்த்துக்கொண்டிருக்கலாம். எதிரிலிருந்து பார்ப்பதுதான் அதற்கு அழகும்கூட. கோபுரத்தின் உச்சியிலுள்ள யூபேமியா சிலை காற்றின் திசைக்கேற்பத் திரும்பும் என்பதை மகளிடம் சொல்லி வையுங்கள். பதானா எனப்படும் தட்டையடிப் படகுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம் உண்டு.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மணற்கரையை எதிர்பார்த்துப் போகாதீர்கள். இஸ்ட்ரியாவின் கரை பெரும்பாலும் பாறையும் கூழாங்கல்லும்தான். நீர் அவ்வளவு தெளிவாக இருப்பதற்குக் காரணமும் அதுவே. பாறையிடுக்குகளில் கடல் முள்ளெலிகள் இருக்கும் என்பதால் நால்வருக்கும் ரப்பர் நீர்க்காலணி முதல் நாளே வாங்கிவிடுங்கள். ஊர்க் கடைகளில் மலிவாகவே கிடைக்கும். மகளுக்கு மணல்தான் வேண்டுமென்றால் புலாவுக்குத் தெற்கே மெதுலினில் ஆழமில்லாத மணற்கரை ஒன்று இருக்கிறது. இன்னொன்று: உடையின்றிக் குளிக்கும் பழக்கம் இக்கரையில் நெடுங்காலமாக உண்டு, விர்சார் அருகே கொவெர்சாதா என்ற முகாம் 1961 முதலே அதற்கென்று இயங்குகிறது. அத்தகைய கரைகளில் எஃப்கேகே என்ற மூன்றெழுத்துப் பலகை இருக்கும். தெரிந்துகொண்டால் சங்கடமின்றி வேறு பக்கம் திரும்பிவிடலாம்.

புலாவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அங்குள்ள ரோமானிய அரங்கம் கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. சுமார் 20,000 பேர் அமரக்கூடியதாக இருந்தது. வெளிச்சுவர் முழுச் சுற்றாக இன்றும் நிற்க, உள்ளிருந்த கல் இருக்கைகள்தான் காணாமற்போயின. இடைக்காலத்தில் வீடு கட்டப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். 1583-இல் வெனிஸ் ஆட்சிமன்றத்தில் அரங்கத்தையே கல் கல்லாகப் பிரித்து வெனிஸில் திரும்பக் கட்டலாம் என்று பேச்சு எழுந்தபோது, கப்ரியேலே எமோ என்ற உறுப்பினர் எதிர்த்து நின்று தடுத்தார். அவருக்கு நன்றி சொல்லும் கல்வெட்டு ஒரு கோபுரத்தில் இருக்கிறது. ரோமானியர் காலத்து அகஸ்டஸ் கோயில் 1944-இல் குண்டு விழுந்து சிதறி, போர் முடிந்தபின் சேர்த்துக் கட்டப்பட்டது. ரோமானிய வாயிலான செர்ஜியர் வளைவின் அருகே 1904–05-இல் ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸ் ஆஸ்திரியக் கடற்படை அதிகாரிகளுக்கு ஆங்கிலம் கற்பித்த கட்டடத்தின் கீழே ஒரு காபிக்கடையும், நாற்காலியில் அமர்ந்த அவர் சிலையும் உண்டு.

மறுநாள் ஃபஷானா ஊரிலிருந்து படகில் கால் மணி நேரத்தில் பிரியூனி தீவுகள். 1983 முதல் தேசியப் பூங்காவாக உள்ள 14 தீவுகள் இவை. யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ இவற்றைப் பல ஆண்டுகள் தன் கோடை வாசத்தலமாக வைத்திருந்தார். 1956 ஜூலை 19 அன்று டிட்டோ, நேரு, எகிப்தின் நாசர் ஆகிய மூவரும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டது இங்கேதான். 1961-இல் பெல்கிரேடு மாநாட்டில் உருவெடுத்த அணிசேரா இயக்கத்துக்கு அது ஒரு முக்கிய முன்படி. உலகத் தலைவர்கள் டிட்டோவுக்குக் கொடுத்த விலங்குகளின் வழிவந்தவை ஒரு திறந்தவெளிப் பூங்காவில் திரிகின்றன. இந்திரா காந்தி அனுப்பிய சோனி, லங்கா என்ற யானைகளில் சோனி 2010-இல் இறந்தது. தீவுக்குள் பார்வையாளர் கார்கள் கிடையாது. சிறு ரயில் வண்டியிலேயே சுற்றிக் காட்டுவார்கள், ஆகவே நடக்க முடியாதவர்களுக்கு இதைவிட வசதியான நாள் இப்பயணத்தில் இல்லை. படகுச் சீட்டை இரண்டொரு நாள் முன்பே பதிவு செய்யுங்கள்.

சைவ உணவுக்கு இஸ்ட்ரியா கடினமான இடமன்று. கொனோபா எனப்படும் சிற்றுணவகங்களில் ஃபூஷி என்ற கையால் சுருட்டிய பாஸ்தாவைக் காளான் சாறோடும் டிரஃபிள் சீவலோடும் தருவார்கள். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டோடு வதக்கிய பிளித்வா எங்கும் கிடைக்கும். மனேஷ்த்ரா என்ற பயறு–சோளச் சூப்பில் மட்டும் கவனம் தேவை: பார்த்தால் காய்கறிச் சூப்பு, அடியில் பன்றி எலும்பு. ‘பெஸ் மேசா இ ரிபே’ என்றால் இறைச்சியும் மீனும் இல்லாமல் என்று பொருள். காகிதத்தில் எழுதி வைத்துக் காட்டினாலும் போதும். டிரஃபிள் என்பது மிர்னா கரைக் காடுகளில் நாய்கள் மோப்பம் பிடித்துத் தோண்டும் நிலத்தடிக் காளான். விலையுயர்ந்த வெள்ளை வகையின் பருவம் செப்டம்பர் பாதிக்கு மேல்தான் தொடங்கும் என்பதால் உங்களுக்குக் கறுப்பு வகையே வாய்க்கும். நினைவுப் பொருளாக டிரஃபிள் எண்ணெய் வாங்காதீர்கள், பெரும்பாலானவற்றில் இருப்பது செயற்கை மணம். ஆலிவ் எண்ணெயை உற்பத்தி செய்யும் வீட்டிலேயே சுவைத்துப் பார்த்து வாங்குங்கள். சமையலறையுள்ள வீடு எடுத்தால் ஒன்றை மறக்கக்கூடாது: 2023 ஜூலை முதல் அங்கே கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே திறக்கலாம் என்று சட்டம் இருக்கிறது. பால், ரொட்டி, காய்கறி எல்லாவற்றையும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

திரும்பும் நாளில் ரோவினிலிருந்து திரியெஸ்தேக்கு 2 மணி நேரம் போதுமென்றாலும் 4 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஷெங்கனுக்குள் எல்லைச் சோதனை இல்லை என்பது பொதுவிதி. ஆனால் 2023 அக்டோபரில் ஸ்லோவேனியாவும் இத்தாலியும் தற்காலிகச் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தன, அவற்றைப் பின்னரும் நீட்டித்தன. நால்வரின் கடவுச்சீட்டும் பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும்.